ஒரு தட்டிலிருந்து ஓர் அலமாரி: கச்சேரி ரசிகருக்கான ஜாஸ் சேகரிப்பு

கர்நாடக இசையை ஓரளவு கேட்டுத் தேறியவர்கள் ஜாஸ் பக்கம் வர நினைக்கும்போது கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்தப் பத்து ஆல்பங்கள் இருந்தால் போதும்? இதற்கு விடை சொல்லும் பட்டியல்களுக்குப் பஞ்சமே இல்லை. எந்தப் பட்டியலை எடுத்தாலும் ஏறக்குறைய அதே பெயர்கள்தான் இருக்கும். அவை தகுதியற்ற பெயர்களும் அல்ல. ஆனாலும் அப்படி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மொத்தமாக வாங்கியவர்கள் அவற்றில் இரண்டு மூன்றை மட்டுமே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்; மற்றவை ஒருமுறை ஓடியதோடு சரி. 'மிகச் சிறந்தவை' என்ற ஒரே காரணத்தால் அடுக்கப்பட்ட ஆல்பங்களில், ஒன்றைக் கேட்டு முடித்தவர் ஏன் அடுத்ததை எடுக்க வேண்டும் என்பதற்குப் பட்டியல் எந்த வழியும் காட்டுவதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கும் பழக்கம் ஒன்று கச்சேரி ரசிகரிடம் ஏற்கெனவே இருக்கிறது. சபாவின் அறிவிப்பைப் பார்த்தவுடன் நம் கண் பாடகரின் பெயரோடு நின்றுவிடுவதில்லை. வயலின் யார், மிருதங்கம் யார், கஞ்சிராவோ கடமோ உண்டா என்று கீழே இறங்கிப் பார்த்த பிறகுதான் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்காகவே கச்சேரிக்குப் போன தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. ஜாஸ் சேகரிப்பையும் இந்தப் பழக்கத்தைக் கொண்டே கட்டிவிடலாம் என்பதுதான் என் கட்சி. ஜாஸ் உலகில் இன்று பக்கத்தில் நின்று வாசிப்பவர் நாளை தன் பெயரில் ஆல்பம் வெளியிடுவார். இன்றைய தலைவரே அதில் வந்து அவருக்குப் பக்கவாத்தியம் வாசிப்பதும் உண்டு. ஆகவே நல்ல ஆல்பம் ஒன்றை வாங்கி, அதன் பின்னட்டையில் உள்ள பெயர்களைப் பிடித்துக்கொண்டு நடந்தால், நாற்பது ஐம்பது ஆண்டுகால ஜாஸ் வரலாற்றின் பெரும்பகுதி தானாகவே அலமாரிக்கு வந்து சேரும்; ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும்.

தொடங்க வேண்டிய இசைத்தட்டு எது என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டு நாட்களில் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவாகி, அதே ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்தது. அந்தக் கூடம் ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம். அதன் உயர்ந்த கூரை தந்த கார்வையை இன்றும் அந்தப் பதிவில் கேட்கலாம். எல்லோரும் சொல்லும் ஆல்பத்தையே நானும் சொல்கிறேன் என்று சிலர் அலுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் நான் அதைச் சொல்லும் காரணம் அதன் புகழ் அல்ல, பின்னட்டை. ட்ரம்பெட்டில் மைல்ஸ் டேவிஸ், டெனர் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன், ஆல்டோ சாக்ஸபோனில் கேனன்பால் அடர்லி, பியானோவில் பில் எவன்ஸ், ஒரே ஒரு பாடலுக்கு மட்டும் பியானோவில் விண்டன் கெல்லி, பாஸில் (ஆழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப் என்று ஏழு பெயர்கள் அங்கே இருக்கின்றன. ஏழும் ஏழு வாசல்கள்.

நம்மவர்களுக்கு இந்த ஆல்பம் எளிதில் பிடிபடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு முந்தைய ஜாஸில் ஸ்வரக்கூட்டுகள் (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் 'கார்டு'கள்) சில எண்ணிக்கைக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் அந்த மாற்றங்களின் மேல் தடுக்காமல் ஓட வேண்டும். 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் டேவிஸ் அந்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு, ஒரே ஸ்வர வரிசையில் நெடுநேரம் தங்கி மனோதர்மத்துக்கு இடம் கொடுத்தார். முதல் பாடலான 'சோ வாட்' முழுவதும் டோரியன் என்ற ஸ்வர வரிசையில் அமைந்தது. அதன் ஸ்வரங்கள் நம் கரகரப்ரியாவின் ஸ்வரங்களேதான். பாடலின் ஒரு சுற்றை ஆதி தாளத்தில் போட்டுப் பார்த்தால் 16 ஆவர்த்தனங்கள் வரும். முதல் 8 ஆவர்த்தனங்களுக்கு ஷட்ஜம் ஓரிடத்தில் இருக்கும். அடுத்த 4 ஆவர்த்தனங்களுக்கு ஷட்ஜம் உட்பட முழு வரிசையும் அரை ஸ்வரம் மேலே ஏறிவிடும். கடைசி 4 ஆவர்த்தனங்களில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். இது கிரக பேதம் அல்ல. சுருதியையே தூக்கி வைக்கும் வேலை. தம்புரா இல்லாத இசையில் மட்டுமே இது சாத்தியம். கமகம் இல்லாததால் கரகரப்ரியா என்ற ராகம் இதில் கேட்காது. ஆனால் அதன் ஸ்வரங்களோடு பழகிய காது எங்கே இருக்கிறோம் என்பதை ஒருபோதும் இழக்காது.

'சோ வாட்'டின் முதல் இரண்டு நிமிடங்களை மட்டும் நிதானமாகக் கேளுங்கள். பியானோவும் பாஸும் தாளம் இன்றித் தயங்கித் தயங்கி ஒரு முன்னுரை வாசிக்கின்றன. பிறகு பாஸ் ஒரு கேள்விபோலப் பல்லவியை எடுக்க, மற்ற வாத்தியங்கள் இரண்டே ஸ்வரங்களில் அதற்குப் பதில் சொல்கின்றன. ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஆகும்போது டேவிஸின் தனி வாசிப்பு தொடங்குகிறது. அவர் முதல் ஸ்வரத்தில் இறங்கும் அதே கணத்தில் ஜிம்மி காப் சிம்பலை ஓங்கி ஒருமுறை தட்டுகிறார். அதுவரை பிரஷ்களும் மெல்லிய தட்டல்களுமாக ஓடிய பாடலில் அந்த ஒரு தட்டு சற்று அதிகமாகவே ஒலிக்கிறது. ஆனால் அது அடங்க அடங்கத்தான் ட்ரம்பெட் முன்னே வருகிறது, அதன் கார்வை தீரும்வரை டேவிஸ் அவசரப்படுவதும் இல்லை. பக்கவாத்தியக்காரர் ஒருவர் ஒரே ஒரு அடியால் தலைவருக்கு மேடை போட்டுக் கொடுப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு விவரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்ச் 2ஆம் தேதி பதிவான மூன்று பாடல்களுக்கும் மூல ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், பழைய தட்டுகளின் முதல் பக்கம் முழுவதும் உண்மையான சுருதியைவிடச் சற்று ஏறியே ஒலிக்கும். 1992இல் வந்த மறுவெளியீட்டில்தான் இது சரி செய்யப்பட்டது. சுருதிப்பெட்டி வைத்துக்கொண்டு கூடவே வாசித்துப் பார்க்கும் ஆசை உள்ளவர்கள் அதற்குப் பிந்தைய பதிப்பையே வாங்க வேண்டும். பழைய தட்டின் மேல் மோகம் கொண்டவர்கள் சுருதி கூடியிருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இனி அந்த ஏழு பெயர்களில் யாரைப் பின்தொடர்வது என்ற கேள்வி. முதலில் கேனன்பால் அடர்லி. 1958 மார்ச்சில் ப்ளூ நோட் நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த 'சம்திங் எல்ஸ்' ஆல்பத்தில் தலைவர் அவர். மைல்ஸ் டேவிஸ் பக்கத்தில் நின்று வாசித்திருக்கிறார். முதல் ஆல்பத்தில் தலைவராகக் கேட்ட அதே ட்ரம்பெட்டை இதில் துணைவராகக் கேட்கும்போது, இருவருக்கும் இடையிலுள்ள குண வேறுபாடு பளிச்சென்று தெரிந்துவிடுகிறது. அடர்லி உற்சாகமானவர், வாய் நிறையப் பேசுகிறவர். டேவிஸ் நான்கு ஸ்வரம் வாசிக்க வேண்டிய இடத்தில் இரண்டை விழுங்கிவிடுகிறவர். ஜாஸ் என்றாலே புரியாத இசை என்று முகம் சுளிக்கும் வீட்டாரை வசப்படுத்துவதற்கும் இதில் உள்ள 'ஆட்டம் லீவ்ஸ்' மிகவும் உதவும்.

அடுத்து பில் எவன்ஸ். 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற நிலவறை மன்றத்தில் எவன்ஸ், பாஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பால் மோஷியன் மூவரும் பகலும் இரவுமாக ஐந்து அமர்வுகள் வாசித்தார்கள். கண்ணாடிக் கோப்பைகள் உரசும் ஓசையும், மேசையில் இருப்பவர்கள் பேசிக்கொள்ளும் முணுமுணுப்பும் பதிவில் அப்படியே இருக்கின்றன. ஜாஸில் பாஸ் என்பது அதுவரை பெரும்பாலும் தாளத்துக்கு நடை கொடுக்கும் வாத்தியம். லஃபாரோவோ பியானோவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிர்வாக்கியம் வைக்கிறார். சில இடங்களில் அவர் முந்திக்கொள்ள, எவன்ஸ் ஒதுங்கி நின்று கேட்கிறார். பாடகர் விட்ட இடத்தில் எடுத்து, அவர் எடுக்கும் இடத்தில் விடும் நல்ல வயலின் பக்கவாத்தியத்தைக் கேட்டவர்களுக்கு இதன் சுவை சொல்லாமலே விளங்கும். அந்த ஞாயிறுக்குப் பிறகு 11ஆம் நாள், ஜூலை 6 அன்று, லஃபாரோ சாலை விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 25. அந்த ஒரு நாளின் பதிவிலிருந்து 'சண்டே அட் தி வில்லேஜ் வேன்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்று இரண்டு ஆல்பங்கள் வந்தன. முதலாவது லஃபாரோவை முன்னிறுத்தித் தொகுக்கப்பட்டது என்பதால் அதையே நான் பரிந்துரைப்பேன். ஐந்து அமர்வுகளும் அடங்கிய மூன்று குறுந்தகடுத் தொகுப்பு 2005இல் வந்திருக்கிறது. ஒரே பாடல் இரண்டு மூன்று முறை வரும் அந்தத் தொகுப்பு, இசையில் ஏற்கெனவே மூழ்கியவர்களுக்கானது. முதலில் வாங்கினால் அலுத்துவிடும்.

கெல்லி, சேம்பர்ஸ், காப் மூவரையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பிடிக்க விரும்பினால், கிதார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரியோடு அவர்கள் 1965இல் பதிவு செய்த 'ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்' இருக்கிறது. மாண்ட்கோமரி மீட்டுவதற்குப் பிளெக்ட்ரம் பயன்படுத்தாமல் கட்டைவிரலால் வாசித்தவர். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒலியைச் சற்று ஏற்றி வைத்துக் கேட்டாலே போதும்.

கோல்ட்ரேன் விஷயம் அப்படி இரண்டு வரியில் முடிவதில்லை. 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் ஒரே ஸ்வர வரிசையில் நிதானமாக உலவிய மனிதர், அது முடிந்த இரண்டு வாரங்களுக்குள் 1959 மே மாதத் தொடக்கத்தில் தன் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' ஆல்பத்துக்காக அதற்கு நேர் எதிரான ஒன்றைச் செய்தார். அதன் தலைப்புப் பாடலில் ஆதார ஷட்ஜம் மூன்று இடங்களுக்கு இடையே மூச்சு விடும் நேரம்கூடக் கொடுக்காமல் தாவிக்கொண்டே இருக்கிறது. டாமி ஃபிளானகன் போன்ற தேர்ந்த பியானோ வித்வானே தன் தனியில் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறி, இடையில் வெறும் கூட்டுஸ்வரங்களை மட்டும் வைத்துவிட்டு நகர்வதைப் பதிவிலேயே கேட்கலாம். அதே ஆல்பத்தில் உள்ள 'நைமா' டிசம்பரில் பதிவானது. அதில் வாசிப்பவர்கள் மீண்டும் கெல்லி, சேம்பர்ஸ், காப் ஆகிய மூவரே. தன் முதல் மனைவியின் பெயரில் கோல்ட்ரேன் அமைத்த அந்தப் பாடல், பாஸின் ஸ்வரம் சுருதிபோல நிலைத்து நிற்க, அதன் மேல் மிதந்து செல்கிறது.

இருந்தாலும் கோல்ட்ரேனிடமிருந்து ஒரே ஒன்றுதான் எடுக்கலாம் என்றால் 'எ லவ் சுப்ரீம்' என்றே சொல்வேன். 1964 டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்சியில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் மெக்காய் டைனர் (பியானோ), ஜிம்மி கேரிசன் (பாஸ்), எல்வின் ஜோன்ஸ் (டிரம்ஸ்) ஆகியோரோடு பதிவான இது, நான்கு பகுதிகள் கொண்ட, ஏறத்தாழ 33 நிமிட இறைவழிபாடு. முதல் பகுதியில் நான்கே ஸ்வரங்கள் கொண்ட ஒரு சிறு சொல்லை எடுத்துக்கொண்டு, அதைப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களிலும் வைத்து வைத்து வாசித்துவிட்டு, கடைசியில் அதே நான்கு ஸ்வரங்களுக்குச் சொற்களைப் போட்டு வாயால் பாடுகிறார்கள். நான்காம் பகுதியான 'சாம்' இதைவிட விசேஷமானது. ஆல்பத்தின் உள்ளட்டையில் கோல்ட்ரேன் எழுதிய ஒரு பிரார்த்தனைக் கவிதை அச்சிடப்பட்டிருக்கிறது. அந்தக் கவிதையை அவர் சாக்ஸபோனில், தாளக்கட்டு இல்லாமல், அசை அசையாக வாசிக்கிறார். கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்த வரியில் இருக்கிறார் என்று விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். விருத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இதைவிட நெருக்கமான ஜாஸ் பதிவு இருக்க முடியாது. உள்ளட்டை இல்லாத பதிப்பை வாங்கினால் இந்த அனுபவம் கிடைக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது 'கைண்ட் ஆஃப் ப்ளூ'விலிருந்து பெரும்பாலும் முன்னோக்கிச் சென்ற பாதை. பின்னோக்கிச் செல்லவும் இதே முறை உதவும், ஏனென்றால் தலைவரும் ஒரு காலத்தில் பக்கத்தில் நின்றவர்தான். 1945 நவம்பரில் ஆல்டோ சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் சவாய் நிறுவனத்துக்காகத் தன் பெயரில் பதிவு செய்தபோது 19 வயது மைல்ஸ் டேவிஸ் அதில் ட்ரம்பெட் வாசித்தார். ஆனால் பார்க்கரைச் சேகரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அவருடைய உன்னதமான பதிவுகள், ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம் மட்டுமே கொள்ளும் நிமிடத்துக்கு 78 சுழற்சித் தட்டுகளாக வந்தவை. அவர் இவற்றை 'ஆல்பம்' என்று நினைத்து வாசிக்கவே இல்லை. நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு 1948இல்தான் கொலம்பியா நிறுவனத்தால் அறிமுகமானது. 'சிறந்த ஆல்பங்கள்' பட்டியல்களில் 1950களுக்கு முந்தைய மேதைகள் இளைத்துப்போய்த் தெரிவதற்கு இதுவே காரணம். அவர்களுடைய கலைக்குக் குறையில்லை. ஆல்பம் என்ற அளவுகோல் அவர்கள் காலத்துக்குப் பிறகு வந்தது. இங்கே தூய்மைவாதம் பார்க்காமல் தொகுப்புகளை வாங்கிவிட வேண்டும்.

அப்படித் தொகுப்பாக வாங்கியே தீர வேண்டியவர் ட்ரம்பெட் மேதை லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். 1925 முதல் 1928 வரை 'ஹாட் ஃபைவ்', 'ஹாட் செவன்' என்ற பெயர்களில் சிறு குழுக்களோடு அவர் செய்த பதிவுகள் இல்லாத ஜாஸ் அலமாரி அஸ்திவாரம் இல்லாத வீடு. கூட்டாக வாசிக்கும் இசையாக இருந்த ஜாஸை, ஒருவர் முன்வந்து தன் கற்பனையைத் தனியாக விரிக்கும் இசையாக மாற்றியது இந்தப் பதிவுகள்தான். 1928 ஜூனில் பதிவான 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்' பாடலின் தொடக்கத்தில் எந்தத் துணையும் இல்லாமல் ஆம்ஸ்ட்ராங் ஊதும் சில விநாடிகள் மட்டும் போதும். அதில் தாளம் இல்லை, ஆனாலும் காலப்பிரமாணம் இருக்கிறது. இரைச்சலுக்குப் பயந்து ஒதுங்கிவிடாதீர்கள். வீணை தனம்மாளின் பழைய தட்டுகளைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இரைச்சல் ஒரு பொருட்டே அல்ல.

பார்க்கருக்கு எல்.பி. வடிவில் ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் 'ஜாஸ் அட் மாஸி ஹால்' வாங்கலாம். 1953 மே 15 அன்று டொராண்டோவில் பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி (ட்ரம்பெட்), பட் பவல் (பியானோ), சார்லஸ் மிங்கஸ் (பாஸ்), மேக்ஸ் ரோச் (டிரம்ஸ்) என்ற ஐவர் வாசித்த கச்சேரி இது. அன்றிரவே குத்துச்சண்டை உலகப் பட்டப் போட்டியும் நடந்ததால் அரங்கம் நிரம்பவில்லை. பார்க்கர் பிளாஸ்டிக்கால் ஆன சாக்ஸபோன் ஒன்றை வாசித்தார். வேறு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்ததால் தட்டில் அவர் பெயர் 'சார்லி சான்' என்று மாற்றிப் போடப்பட்டது. பதிவில் பாஸ் சரியாகக் கேட்கவில்லை என்று மிங்கஸ் பின்னர் தன் பகுதியை மறுபடி வாசித்துச் சேர்த்தார். இவ்வளவு கோளாறுகளுக்கு நடுவிலும் அந்த ஐவரும் ஒருவரை ஒருவர் விரட்டும் வேகம் அபாரமானது.

மிங்கஸ் என்ற பெயர் வந்துவிட்டால் அவர் வழியாக இன்னொரு பாதை திறக்கிறது. 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பதிவான அதே கூடத்தில், அதே 1959 மே மாதத்தில் அவர் பதிவு செய்தது 'மிங்கஸ் ஆ அம்'. அதிலுள்ள 'குட்பை போர்க் பை ஹேட்', அந்த ஆண்டு மார்ச் 15 அன்று இறந்த சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்குக்கான அஞ்சலி. 'ஓபன் லெட்டர் டு டியூக்', பெரிய ஜாஸ் குழுவொன்றின் தலைவரான டியூக் எலிங்டனுக்கு எழுதிய கடிதம். 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்', 1957இல் லிட்டில் ராக் பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதைத் தடுக்கப் படையை நிறுத்திய ஆர்கன்சா ஆளுநரை எள்ளி நகையாடுவது. கொலம்பியா தட்டில் அது சொற்கள் இன்றி வாத்தியமாக மட்டும் வந்தது, சொற்களோடு கேட்க 1960இல் வேறு நிறுவனத்துக்காக அவர் செய்த பதிவுக்குப் போக வேண்டும். பழைய எல்.பி.யில் இடம் போதாமல் பல பாடல்கள் வெட்டப்பட்டிருந்தன. பிற்காலக் குறுந்தகடுகளில் அவை முழுமையாக இருக்கின்றன. ஆகவே இதற்கும் புதிய பதிப்பே மேல்.

லெஸ்டர் யங்கைப் பிடித்தால் பாடகி பில்லி ஹாலிடேயிடம் வந்து சேர்வோம். 1930களின் பிற்பகுதியில் அவர் பாடியபோது யங்கின் சாக்ஸபோன் பின்னால் வந்த பதிவுகள், பாட்டுக்கும் பக்கவாத்தியத்துக்குமான உறவுக்கு உலக இசையிலேயே உயர்ந்த எடுத்துக்காட்டுகளில் சேரும். அவருடைய குரலின் எல்லை சிறியது. பாடலின் மெட்டைத் தாளத்துக்குச் சற்றே பின்னால் இழுத்து இழுத்துப் பாடியே அதில் ஒரு உலகத்தைக் கட்டினார். யங் இறந்த நான்கு மாதங்களில், 1959 ஜூலை 17 அன்று, அவரும் மறைந்தார். குரலுக்கு இன்னொன்றும் வேண்டும் என்பவர்கள் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் 1960 பெர்லின் கச்சேரிப் பதிவை எடுக்கலாம். 'மேக் தி நைஃப்' பாடலில் சொற்களை மறந்துவிட்டு, மறந்ததையே பாட்டாக்கிச் சமாளித்து அவர் அரங்கத்தைக் கைப்பற்றுவதைக் கேட்டு மகிழலாம்.

எலிங்டனுக்கு 'எலிங்டன் அட் நியூபோர்ட்' என்றே எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு. 1956 ஜூலை 7 அன்று நடந்த அந்தக் கச்சேரியில் பால் கொன்சால்வஸ் டெனர் சாக்ஸபோனில் 27 சுற்றுகள் விடாமல் வாசித்துக் கூட்டத்தை எழுந்து ஆட வைத்தார். அவர் தவறான ஒலிவாங்கியின் முன்னால் நின்று வாசித்ததால் கொலம்பியாவின் பதிவில் அவர் வாசிப்பு எங்கோ தூரத்தில் கேட்டது. அது மட்டுமல்ல, அந்தப் பழைய எல்.பி.யில் கணிசமான பகுதி பிறகு ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசித்து, கைதட்டலை ஒட்டவைத்துச் செய்தது. கொன்சால்வஸின் முன்னால் இருந்த ஒலிவாங்கி வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியுடையது. அந்த நாடா பின்னர் கிடைக்க, இரண்டையும் இணைத்து உண்மையான கச்சேரியை 1999இல் இரட்டைக் குறுந்தகடாக வெளியிட்டார்கள். வாங்குவதானால் அதைத்தான் வாங்க வேண்டும்.

1959இல் வந்த இன்னும் இரண்டு ஆல்பங்களை எல்லாப் பட்டியல்களிலும் காணலாம். பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்', ஐந்திலும் ஒன்பதிலும் தாளம் போட்டதற்காகப் புகழ்பெற்றது. கண்ட நடையிலும் சங்கீர்ண நடையிலும் தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் புதுமை அவ்வளவாக உறைக்காது. அதில் வரும் பால் டெஸ்மண்டின் இனிய ஆல்டோ சாக்ஸபோனுக்காகப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' அப்படியல்ல. பியானோவே இல்லாத அந்த நால்வர் குழு, முன்கூட்டித் தீர்மானித்த கூட்டுஸ்வரங்களின் கட்டிலிருந்து ஜாஸை அவிழ்த்துவிட்டது. 'லோன்லி வுமன்' பாடலில் டிரம்ஸ் வேகமாக ஓட, அதன் மேல் சாக்ஸபோனும் ட்ரம்பெட்டின் உறவான கார்னெட்டும் ஒப்பாரிபோல மெதுவாக நகர்கின்றன. ஒருமுறை கேட்டுப் பிடிக்கவில்லை என்றால் எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றைக் கேட்ட பிறகு திரும்பி வரலாம்.

கோல்மனின் பாஸ் கலைஞர் சார்லி ஹேடன், ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா'வில் ஒரு பாடலில் வருகிறார். ஜான் கோல்ட்ரேனின் கடைசிக் காலக் குழுவில் பியானோ வாசித்தவர் அவருடைய மனைவி ஆலிஸ்; கணவர் 1967இல் மறைந்த பிறகு ஹார்ப்பையும் தம்புராவையும் சேர்த்து 1971இல் இந்த ஆல்பத்தை வெளியிட்டார். தலைப்பில் உள்ள சச்சிதானந்தர் கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் பிறந்து அமெரிக்கா சென்ற சுவாமி. 1969 வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடக்க உரை ஆற்றி ஆரம்பித்து வைத்தவரும் அவரே. தம்புராவின் மீட்டல் இருந்தும் இது இந்திய இசை அல்ல. சுருதி நிலைத்து நிற்க, ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் அதன் மேல் நெளியும் ஜாஸ்.

வுட்ஸ்டாக் முடிந்த மறுநாள், 1969 ஆகஸ்ட் 19 அன்று, மைல்ஸ் டேவிஸ் 'பிட்சஸ் ப்ரூ' பதிவைத் தொடங்கினார். மின்சாரப் பியானோக்களும் மின்சாரக் கிதாரும் நிறைந்த அந்த ஆல்பத்தை எனக்கு மனமாரப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் அதன் பின்னட்டையில் உள்ள ஒரு பெயருக்காக அது அலமாரியில் இருக்க வேண்டும். கிதார் வாசித்த ஜான் மெக்லாக்ளின் பெயரிலேயே அதில் ஒரு பாடல் இருக்கிறது. அவர் பின்னர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். 1975 ஜூலை 5 அன்று லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் ஹுசேன், கடத்தில் டி.எச். விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன் ஆகியோரோடு அவர் வாசித்த கச்சேரி, மறுவருடம் 'சக்தி' என்ற பெயரில் ஆல்பமாக வந்தது. மூன்றே உருப்படிகள். முதலாவதான 'ஜாய்' பதினெட்டு நிமிடம் மூச்சு முட்டும் வேகத்தில் ஓடும். நடுவிலுள்ள 'லோட்டஸ் ஃபீட்' சிறியது, அமைதியானது. அதைக் கேட்டுவிட்டு முதல் உருப்படிக்குப் போவது நல்லது. நியூயார்க்கில் தொடங்கிய பெயர்த்தொடர் இப்படி மானாமதுரைக் கடத்தில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது, பக்கவாத்தியக்காரர்களைப் பின்தொடரும் முறையில் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

இந்த முறைக்கு இன்று ஒரே இடையூறு, இசையை இணையத்தில் கேட்கும் வசதிதான். பெரும்பாலான செயலிகள் தலைவரின் பெயரையும் பாடலின் பெயரையும் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கின்றன; பாஸ் யார், டிரம்ஸ் யார் என்று தேடிக் களைக்க வேண்டியிருக்கிறது. மறுவெளியீடுகளில் ஒவ்வொரு பாடலுக்கும் பின்னாலேயே அதன் மாற்றுப் பதிவையும் ஒட்டி ஆல்பத்தின் வரிசையைக் குலைத்துவிடுகிறார்கள். ஆகவே கேட்பது செயலியில் என்றாலும், கையேடு உள்ள குறுந்தகட்டையோ எழுத்து படிக்கும் நிலையில் உள்ள பழைய தட்டையோ முக்கியமான நான்கைந்துக்காவது வாங்கி வைப்பது நல்லது.

'சக்தி'க்குப் பிறகு வாங்கவென்று நான் ஒன்றைத் தனியே எடுத்து வைப்பேன். ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா, கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து 2008இல் வெளியிட்ட 'கின்ஸ்மென்' அது. ஏ. கன்யாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் ஜாஸ் டிரம்ஸ், பாஸ், கிதாரோடு அதில் இருக்கின்றன. இரண்டு பக்கத்தையும் அறிந்த காதை எதிர்பார்க்கும் ஆல்பம் என்பதால் தொடக்கத்திலேயே வாங்கினால் வெறும் விந்தையாகவே தோன்றும். இரண்டு ஆல்டோ சாக்ஸபோன்களும் ஒன்றாக ஊதும் இடங்களில் யார் எவர் என்று குழப்பம் வரும். அப்போது ஹெட்ஃபோனில் கேட்டு, ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்பவர் கத்ரி என்றும், ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியே கடித்து வைப்பவர் மகந்தப்பா என்றும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.